ஓம் கணக்கு

ஜூன் 8, 2024, சனி

கடைசியில் கிதாருக்கான வால்வு ஆம்ப் வீட்டுக்கு வந்துவிட்டது. 50 வாட் ஹெட், உள்ளே இரண்டு ஈஎல்34 வால்வு. ஸ்பீக்கர் கேபினெட் கிடையாது. வெளிநாடு போகிற ஒருவர் அவசரமாக விற்றார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். டிரான்ஸ்பார்மர் இருந்த பக்கத்துத் தொடை மரத்துப்போனது.

வந்ததும் பொறுக்கவில்லை. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் என்ன, வால்வு எரிகிறதா என்று மட்டும் பார்ப்போமே என்று பவர் சுவிட்சைப் போட்டேன். மெல்ல ஆரஞ்சு வெளிச்சம் ஏறியது. படம் பிடித்து மன்னார்குடி சித்தப்பாவுக்கு அனுப்பினேன். நாற்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். பதில் அனுப்பாமல் நேராகக் கூப்பிட்டார்.

"பின்னாடி ஸ்பீக்கர் மாட்டியிருக்கியா?"

"இல்ல சித்தப்பா, பாக்ஸ் இனிமேதான் வாங்கணும்."

"முதல்ல ஆஃப் பண்ணுடா. அப்புறம் பேசு."

ஆஃப் செய்தேன். ஸ்டாண்ட்பை சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். கீழே இருக்கிறது என்றேன். "தப்பிச்சே. அது கீழ இருந்தா ஹீட்டர் மட்டும்தான் எரியும், பெரிய வோல்ட் வால்வுக்குப் போகாது." வைத்துவிட்டார். தூக்கம் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் காபி ஆறுவதற்குள் நானே கூப்பிட்டேன். பன்னிரண்டு வருஷமாக டிரான்சிஸ்டர் ஆம்பில்தான் வாசிக்கிறேன். அதன் பின்னால் "4 ஓமுக்குக் குறையக் கூடாது" என்று எழுதியிருக்கும். ஓம் என்பது மின்தடையின் அளவு; எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் எத்தனையோ ராத்திரி வாசித்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. டிரான்சிஸ்டருக்கு ஷார்ட்தான் எமன். ஓம் குறையக் குறைய கரண்ட் ஏறும், சூடாகும், போய்விடும். ஸ்பீக்கரே இல்லையென்றால் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

வால்வில் இது அப்படியே தலைகீழ். ஈஎல்34 ஜோடிக்கு சுமார் 3,400 ஓம் லோடு வேண்டும். எட்டு ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டினால் அதற்கு அது லோடாகவே தெரியாது. நடுவில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்து தரகு பார்க்கிறது. சுற்று விகிதத்தின் வர்க்கம்தான் ஓம் விகிதம். 3,400-ஐ 8-ஆல் வகுத்தால் 425, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 20.6. அதாவது சுமார் இருபது சுற்றுக்கு ஒரு சுற்று. பின்னால் இருக்கிற 4, 8, 16 செலக்டர் இந்த விகிதத்தைத்தான் மாற்றுகிறது. 8-இல் வைத்துவிட்டு 16 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்கு 6,800 தெரியும். ஒன்றுமே மாட்டாவிட்டால்?

"கிணத்துல தண்ணி இறைக்கும்போது கயிறு அறுந்தா என்ன ஆகும்?" என்றார் சித்தப்பா.

"மல்லாக்க விழுவேன்."

"அதேதான்."

இழுத்த விசைக்குப் போக்கிடம் இல்லை. பிரைமரி பக்கம், அதாவது டிரான்ஸ்பார்மரின் வால்வுப் பக்கம், வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறும். டிரான்ஸ்பார்மர் சுற்றுக்குள்ளோ வால்வு சாக்கெட்டிலோ பொறி பறந்து கருகும். கிதாரை மாட்டி ஓங்கி அடிக்கும்போது இது நடந்தால் இன்னும் மோசம். பெண்டர் (Fender) ஆம்ப் கம்பெனிக்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய பல வால்வு ஆம்புகளில் மெயின் ஸ்பீக்கர் ஜாக்கில் ஒன்றும் செருகாவிட்டால் அது தானே ஷார்ட் ஆகிவிடும். டிரான்சிஸ்டரைக் கொல்கிற ஷார்ட், வால்வுக்குக் கொஞ்ச நேரக் காவல். எனக்கு இது ஜீரணமாக முழு ஞாயிற்றுக்கிழமையும் ஆனது.

சித்தப்பா விட்ட இடத்திலிருந்து திருவிழாவுக்குப் போய்விட்டார். தெரு நெடுக ஹார்ன் கட்டும்போது அவர்கள் ஓம் கணக்கே பார்க்க மாட்டார்களாம். 100 வோல்ட் லைன். ஒவ்வொரு ஹார்னிலும் குட்டி லைன் டிரான்ஸ்பார்மர். 10 வாட் ஹார்ன் பத்து கட்டினால் 100 வாட் ஆம்புக்குச் சரி, அவ்வளவுதான் கணக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் அதுவும் ஓம்தான். ஒவ்வொன்றும் 1,000 ஓம், பத்தும் பேரலலில் 100 ஓம்.

ஜூன் 12, புதன்

ஆபீஸ் முடிந்து போய் பழைய கேபினெட் ஒன்று வாங்கினேன். 12 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு. பின்னால் ஸ்டிக்கர்: 8 ஓம். விற்றவரும் எட்டு என்றார்.

ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்தால் 13.1 காட்டியது.

மீட்டர் பார்ப்பது காயில் கம்பியின் வெறும் தடையை. அது எப்போதும் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். 8 ஓம் என்றால் ஆறு ஆறரை, 16 என்றால் பன்னிரண்டு பதிமூன்று. (ஓடும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் ஓம் மாறும், கீழ்ச்சுரத்தில் ஓர் இடத்தில் பல மடங்கு எகிறும். எட்டு என்பது ஊருக்குச் சொல்கிற வயசு.) ஆக, இது 16 ஓம் பெட்டி. பின்பலகையைத் திறந்தேன். எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டு, சீரிஸில். யாரோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், ஸ்டிக்கரை மாற்றவில்லை. அதையே பேரலலில் கட்டினால் 4 ஓம். எப்படிக் கட்டினாலும் இந்த இரண்டை வைத்து எட்டு வராது! ஸ்டிக்கர் எதைப் பார்த்து ஒட்டினார்களோ.

திறந்தது திறந்தாயிற்று என்று 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். ஒரு கூம்பு வெளியே வந்தது, இன்னொன்று உள்ளே போனது. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. இப்படியே ஓட்டியிருந்தால் ஒன்று தள்ள மற்றது இழுத்து பேஸ் காணாமல் போயிருக்கும். சோல்டர் வைத்துத் திருப்பினேன். சீரிஸை அப்படியே விட்டேன், ஹெட்டில்தான் 16 இருக்கிறதே. ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு மார்க்கரில் 16 என்று பெரிதாக எழுதினேன்.

ஜூன் 15, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். கால் இஞ்ச் மோனோ ஜாக் இரண்டு, 1.5 ஸ்கொயர் எம்எம் இரட்டை வயர் இரண்டு மீட்டர். "கிதார் கேபிளே இருக்கே சார், ரெடிமேடா" என்றார் கடைக்காரர். முனை ஒன்றுதான், உள்ளே வேறு. கிதார் கேபிளில் மெல்லிய ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை. பிக்கப்பின் துளி சிக்னலுக்கு அது போதும். 50 வாட் போனால் சூடாகும், உள்ளே விட்டுப்போனால் கயிறு அறுந்த கதைதான். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றினேன்.

ஜூன் 16, ஞாயிறு

செலக்டர் 16. வயர் மாட்டியாயிற்று. பவர், இரண்டு நிமிஷம், ஸ்டாண்ட்பை. வால்யூம் மூன்றிலேயே மாடி வீட்டு நாய் குரைத்தது. அந்த முதல் ஈ கார்டை (chord) பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பேண்டு நண்பன் தன் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியோடு வந்தான். 8 ஓம், 25 வாட். "அதையும் சேர்த்து மாட்டுடா, சத்தம் பெருசா வரும்." பின்னால் இருக்கிற இரண்டு ஜாக்கும் பேரலல். 16-உம் 8-உம் சேர்ந்தால் 5.33. செலக்டரை 4-இல் வைத்தால் ஹெட் தாங்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் வாட் சமமாகப் பிரியாது. ஓம் குறைந்த பெட்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு, 50-இல் 33. அவன் ஸ்பீக்கர் 25. வேண்டாம் என்றேன்.

"வால்யூமை அஞ்சுக்கு மேல வைக்காம இருந்தா?"

"நீ வைக்காம இருப்பியா?"

சிரித்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 22, சனி

ரிகர்சல். மூன்றாவது பாட்டின் நடுவில் பேஸ்காரர் பின்னால் நகர்ந்தார், கால் வயரில் சிக்கியது, சிவப்பு டேப் பாதி வெளியே வந்து தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன். கை தானாக ஸ்டாண்ட்பைக்குப் போனது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஜாக்கை அழுத்திச் செருகி, வயரைக் கேபினெட் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுபடி போட்டேன். ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை.

இரவு சித்தப்பாவிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"உள்ள என்ன பியூஸ் போட்டிருக்கான்?"

பார்க்கவே இல்லை. நாளை காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் முதல் வேலை.