கன்னம் வீங்கினாலும் கேட்கக்கூடாதாம்

இங்கே ஜெர்மனியில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஏழெட்டுப் பேர். ஒரு தாத்தா உள்ளே வந்தார். யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் "குட்டன் டாக்", அதாவது வணக்கம், என்றார். மொத்த அறையும் திருப்பி முணுமுணுத்தது. அதோடு சரி. வலது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருக்கிறது, எந்தப் பல், எத்தனை நாளாக என்று ஒருவராவது கேட்கவேண்டுமே? மூச். பெயரைக் கூப்பிட்டதும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு "ட்ச்யூஸ்" (போய்வருகிறேன்) சொல்லிவிட்டுப் போனார்.

நம்மூரில் அவர் உட்காருவதற்குள் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லி ஒருவர், "இவர் எடுத்ததும் பிடுங்கத்தான் பார்ப்பார், ஜாக்கிரதை" என்று ஒருவர். டோக்கன் வருவதற்குள் பேச்சு பேத்தி ஜாதகம் வரை போயிருக்கும். "கிராம்பு வையுங்கள்" என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அதற்காக ஜெர்மன்காரர்கள் வாயில்லாப் பூச்சிகள் இல்லை. ட்ராமில் முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்தும் பேசாத அதே பாட்டி, வண்டியே வராத சாலையை நாம் சிவப்பு விளக்கில் கடந்தால், "குழந்தைகள் பார்க்கிறார்கள்!" என்று அதட்டுவார். சைக்கிள் பாதையில் கால் வைத்தால் மணியும் வசவும் சேர்ந்தே வரும். முன்பின் தெரியாதவளை அதட்டலாம், வலிக்கிறதா என்று மட்டும் கேட்கக்கூடாது. என்ன கணக்கோ இது!

ஆபீஸ் வேறு மாதிரி. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவள் நான். மீட்டிங்கில் மரியாதைக்குச் சும்மா இருந்தால், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். நேற்றுச் சேர்ந்த பையன் மேனேஜரிடம் "இது சரிவராது" என்கிறான். அவரும் "ஏன்?" என்கிறார். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. இது எனக்குப் பிடித்துப்போனது. நானும் இப்போது சொல்கிறேன், கொஞ்சம் அளவுக்கு மீறியே.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு இங்கே அரசியல் சட்டத்திலேயே இடம் உண்டு. வைமார் சாசனம் என்ற 1919ஆம் வருஷத்துப் பழைய அரசியல் சட்டத்தில் இருந்ததை 1949இல் புதிய சட்டத்திலும் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு டிரில் போடக்கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடவும் கூடாது, சத்தம் வருமாம். தினமும் இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை வேறு கப்சிப். எல்லாம் பழகிவிட்டது. நிம்மதியாகக்கூட இருக்கிறது. ஆனால் ஞாயிறு காலையில் காபியோடு உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு மிக்ஸி, மீன்காரர், "உள்ளதான இருக்கீங்க, கதவைத் திறந்தா என்ன?" என்று மாடிப்படியிலேயே கத்திக்கொண்டு வரும் சித்தி என்று வரிசையாக நினைவில் வந்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கே நிம்மதி?

போன வாரம் வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா கூப்பிட்டாள்.

"ஏன்டி குசுகுசுன்னு பேசுற? உடம்பு சரியில்லையா?"

"ட்ராம்ல இருக்கேம்மா. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே. அவங்களுக்குத் தமிழ் தெரியவா போகுது? சத்தமா பேசு."