135.6

பிப்ரவரி 5
வெற்றிடச் சேம்பரில் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. இறங்கினால்தான் ஆக்சிஜன் மூலக்கூறை எலெக்ட்ரான் பீமால் உடைத்து, துண்டான அணு விடுகிற இரண்டு புறஊதாக் கோடுகளின் (130.4, 135.6 நானோமீட்டர்) விகிதத்தை எடுக்க முடியும். டர்போ பம்பின் விசில் வீடு வரை காதிலேயே வருகிறது.

பிப்ரவரி 7
பேக்-அவுட், அதாவது சேம்பரைச் சூடாக்கி உலர்த்துவது. சுவரில் ஒட்டிய தண்ணீர் போயே ஆகணும். நீராவி உடைந்தாலும் 130.4 வரும், அப்புறம் யாருடைய ஒளி என்று எங்கே போய்ப் பிரிப்பது?

பிப்ரவரி 10
பீம் நின்றது! 100 எலெக்ட்ரான் வோல்ட், பீமின் மின்னோட்டத்தை அளக்கிற ஃபாரடே கப் முள் ஆடவே இல்லை. முதலில் ஹைட்ரஜன் விட்டு அதன் புறஊதாக் கோடு லைமன் ஆல்ஃபா எடுத்தாச்சு. மற்ற எல்லாக் கோடுகளுக்கும் அதுதான் படிக்கல்.

பிப்ரவரி 11
130.4 ஒரே மூச்சில் முடிந்தது. இரண்டு நானோவினாடிக்குள் ஒளிவிடுகிற அணு, எங்கே ஓடப்போகிறது?

பிப்ரவரி 12
135.6 தூங்கவிடவில்லை. எலெக்ட்ரானின் ஸ்பின் மாறக்கூடாது என்கிற குவாண்டம் விதி தடுக்கிற கோடு. அணு சராசரியாக 180 மைக்ரோவினாடி காத்திருந்துதான் ஒளிவிடும். மூலக்கூறு உடையும்போது துண்டுகள் சும்மா நிற்குமா? 1 எலெக்ட்ரான் வோல்ட் கிடைத்தாலே வினாடிக்கு 3.5 கிலோமீட்டர் வேகம். ஒளிவிடுவதற்குள் 60 செ.மீ. தாண்டிவிடும். சின்ன சேம்பரில் சுவரில் முட்டி அணைந்துபோகும். அதற்காகத்தான் ஆள் நுழைகிற அளவுக்கு இந்தத் தொட்டி. இதிலும் பீமைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம், அதில் ஒரு கீற்றுதான் என் கண்ணுக்கு. டிடெக்டரை ஓரமாக நகர்த்தி நகர்த்தி எண்ணிக் கூட்டுகிறேன். சுவர்ப் பக்கம் வந்தால் எண்ணிக்கை இரைச்சலில் கரைந்துவிடுகிறது. அங்கே விட்டதற்கு என்ன போடுவது?

ஹபிள் தொலைநோக்கி வியாழனின் நிலா யுரோப்பாவில் பார்த்ததாக 1995-ல் வெளியானதும் இந்த இரண்டு கோடுகள்தான். 135.6 தூக்கலாக இருந்ததால்தான் மூலக்கூறு ஆக்சிஜன் என்றார்கள். 2021-ல் வியாழனின் இன்னொரு நிலா கேனிமீடின் நடுவில் அந்த விகிதம் இறங்கியது என்றதும், உடனே நீராவி என்றார்கள். அத்தனையும் எங்கோ ஒரு தொட்டியில் எடுத்த விகிதத்தை நம்பி.

பிப்ரவரி 13
எலெக்ட்ரான் விடுகிற ஃபிலமென்ட் போச்சு. சூடான டங்ஸ்டனுக்கு ஆக்சிஜன் எமன் என்று தெரிந்தும் அதையே மாட்டிவைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 14
பனி. யாரும் வரவில்லை. 60 செ.மீ.

பிப்ரவரி 18
ஆக்சிஜனைத் தாங்குகிற, தோரியா (தோரியம் ஆக்சைடு) பூசிய இரிடியம் ஃபிலமென்ட் வந்தது. மறுபடி பேக்-அவுட். மாதக் கடைசியில் தொட்டி அடுத்த குழுவுக்கு.

பிப்ரவரி 21
வாயுவைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். கூட்டினால் ஆக்சிஜனே 135.6-ஐ விழுங்கும், 130.4 பெரும்பாலும் தப்பிக்கும். பிறகு விகிதம் எப்படி உருப்படும்? சண்டை போட்டேன். குறைந்த அழுத்தத்திலேயே ராத்திரி முழுக்க ஓடட்டும்.

பிப்ரவரி 22
சுவரோரம் ஏதோ தெரிகிறது. இன்னும் எண்ணுகிறது.