கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடம்

"நாக்குல வச்சுப் பாருங்க தம்பி" என்று படகுக்கார அண்ணன் ஓர் இலையை நீட்டினார். உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் இலை.

ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு. கோட்டக்கரையாறு பாக் விரிகுடாவில் கலக்கும் இடம்.

இலையின் மேல் பொடிப்பொடியாக உப்பு. வெயில் பட்டு மினுங்குகிறது. விரலால் தடவினால் நறநறக்கிறது. வேர் உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. கீழே சேற்றில் மூச்சுவேர்கள் பென்சில் நட்டு வைத்தது மாதிரி நிற்கின்றன.

இங்கே கடல் ஆழம் குறைவு, அலையும் சாது. அதனால்தான் ஆறு கொண்டுவரும் வண்டல் அடித்துப் போகாமல் படிகிறது, அதில் காடு வேர் பிடிக்கிறது.

சிவகங்கைச் சீமையிலிருந்து வரும் ஆறு இது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து, கண்மாய்கள் நிறைந்து, மிஞ்சும் நீர் கலுங்கு வழியே பாய்ந்தால்தான் இங்கே நல்ல தண்ணீர் எட்டிப் பார்க்கும். மற்ற மாதங்களில் கடல்தான் ஆற்றுக்குள் ஏறி இறங்குகிறது.

அந்தக் கொஞ்ச நாள் வெள்ளத்தையும் "கடலுக்குப் போய் வீணாகுது" என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. உப்பின் கடுமை தணிந்தால்தான் இளங்கன்றுகள் தேறும். இறால் குஞ்சும் நண்டும் வளர்வது இந்தக் கலப்பு நீரில்தான். அப்புறம் அவை நம் ஊர் வலைக்குத்தானே வருகின்றன?

மேலே, கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்களில் சீமைக் கருவேலம் மண்டி வழியை மறிக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் அவரவர் ஊர்க் கால்வாயையாவது வெட்டிச் சுத்தம் செய்துவிடுவோம். எங்கள் ஊரில் பேச ஆரம்பித்துவிட்டேன்.