நாற்காலி எண்ணும் வேலை

பிப்ரவரி 10, திங்கள்

மாணவர் மன்றத்தில் இந்தப் பருவத்துக்கான நிகழ்ச்சிப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. இதுவரை பார்த்துக்கொண்ட சீனியர் அக்கா ஒப்படைத்த சொத்து: ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பாதி தீர்ந்த டேப், மைக்குக்கு எட்டு பேட்டரி, ஒரு நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் "முடிந்ததும் நாற்காலியை எண்ணு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அறிக்கைப் படிவத்திலும் பெரிய கட்டம் ஒன்றுதான்: வந்தவர்கள் எண்ணிக்கை.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி. வருடக்கணக்கில் செய்த முனைவர் பட்ட ஆய்வை மூன்றே நிமிடத்தில், அசையாத ஒரே ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு, துறை தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே அப்போது கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த, குளியலறையில் மூன்று நிமிட மணற்கடிகாரம் வைத்துக் குளித்தார்களாம். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்ததாம். குளியலில் பிறந்த போட்டி என்று அறிமுகத்தில் சொன்னேன், நன்றாகச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டாப்வாட்ச் என் கையில். மண்ணில் வாழும் பாக்டீரியா பற்றிப் பேசிய அக்காதான் அன்றைக்கு எல்லாரையும்விட நன்றாகப் பேசினார். ஒரு சிட்டிகை மண்ணை விரலில் தேய்ப்பதுபோல் காட்டி, இதற்குள் எத்தனை உயிர் என்று கேட்டபோது கடைசி வரிசைகூட செல்போனைக் கீழே வைத்தது. கடைசி வாக்கியத்தை முடித்தபோது 3 நிமிடம் 4 நொடி. மூன்றைத் தாண்டினால் தகுதி நீக்கம், விதி அதுதான். நடுவர் என்னைப் பார்த்தார். மூன்று என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? உள்ளதைச் சொன்னேன். அந்த அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தூக்கம் பற்றிய நலவாழ்வுப் பேச்சு. அதை மதியம் இரண்டு மணிக்கு வைத்த புத்திசாலி நான்தான். வேறு நேரத்தில் ஹால் கிடைக்கவில்லை. பேச வந்த மருத்துவர் சொன்ன முதல் விஷயமே, அந்த நேரத்தில் உடம்பின் விழிப்பு தானாகவே ஒருமுறை சரியும், சாப்பாடு மட்டும் காரணமில்லை என்பது. நிரூபணத்துக்கு அவர் தேட வேண்டியிருக்கவில்லை; மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் ஏற்கனவே சாய்ந்திருந்தார்கள். எழுப்பப் போன என்னைத் தடுத்து, "விடும்மா, அவங்கதான் சொன்னதைச் செய்றாங்க" என்றார்.

கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாம். அப்படியானால் மாலை ஆறு மணிக்கு நான் குடிக்கும் காபியில் பாதி, இரவு பதினொன்றுக்கும் எனக்குள் உலாவுகிறது. எல்லாரும் கலைந்த பிறகு ஒரு பையன் நாற்காலி அடுக்க உதவுவதுபோல் நின்றுகொண்டே, ஆலோசனை அறை எந்தக் கட்டிடத்தில் என்று கேட்டான். ஏன் என்று கேட்காமல் கூடவே நடந்து போய் வாசல்வரை விட்டு வந்தேன். படிவத்தில் 112 என்று எழுதினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

உலகத் தாய்மொழி நாள். 1952இல் இதே தேதியில் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; 1999இல் யுனெஸ்கோ அந்த நாளை அறிவித்தது. நாள் முழுக்க உரை என்று போட்டால் கூட்டம் ஓடிவிடும். அதனால், அவரவர் மொழியில் ஆளுக்கு ஒரு பக்கம், மொழிபெயர்ப்பு கிடையாது என்று வைத்தோம்.

தொடங்கியதும் மைக் ஊளையிட்டது. ஸ்பீக்கரை மேடைக்குப் பின்னால் வைத்தது என் தவறு. அதில் வரும் சத்தத்தையே மைக் திரும்பப் பிடித்து, அது மறுபடி பெருகி, சுற்றிச் சுற்றிக் கத்தும். பெட்டிகளை மைக்குக்கு முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பியதும் அடங்கியது.

ஒரு முதலாண்டுப் பெண்ணின் மொழிக்கு எழுத்தே இல்லை. இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அதில் அடங்காத ஒலிகளுக்குப் பென்சிலால் தானே புள்ளியும் கோடும் போட்டிருந்தாள். ஹாலில் ஒருவருக்கும் புரியவில்லை. ஓரிடத்தில் அவளே சிரித்துவிட்டாள், நாங்களும் சிரித்தோம். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. படிவத்தில் மொழிகளின் பட்டியலில் அவளுடையது இல்லை. "பிற" என்று போட மனம் வராமல் ஓரத்தில் பேனாவால் எழுதினேன். அலுவலகத்தில் திட்டு வாங்குவேன், சரி.

பிப்ரவரி 26, புதன்

காலை ஆறு மணி யோகா. மழை. என்னையும் சேர்த்து நான்கு பேர்.

மார்ச் 4, செவ்வாய்

ரத்ததான முகாம். இரண்டு வாரமாக வகுப்பு வகுப்பாகப் போய் ஆள் பிடித்தவள் முதல் ஆளாகப் படுக்க வேண்டாமா? விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள்: ஹீமோகுளோபின் 11.8. அந்த முகாமில் 12.5 வேண்டும். "நீ நாற்காலியைப் பாரும்மா" என்று செவிலியர் அனுப்பிவிட்டார்.

பளுதூக்கும் அணியின் அண்ணன் ஒருவர் ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் வெளுத்துப்போய்ச் சரிந்தார். கால்களை உயர்த்திப் படுக்க வைத்ததும் தெளிந்துவிட்டார், ஆனால் என் முகத்தைத்தான் பார்க்கவில்லை. கொடுத்ததும் சட்டென்று எழக்கூடாது என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நாலு மணிக்கு மண் ஆராய்ச்சி அக்கா வந்தார். வரிசையில் நான் இருப்பதைப் பார்த்தும் திரும்பிப் போகவில்லை. கையில் பந்தை அமுக்கிக்கொண்டே, "வாட்ச் இருக்கா?" என்றார். இருந்தது. "பை எவ்வளவு நேரத்துல நிரம்புதுன்னு பாரு. மூணு நிமிஷம் தாண்டிடுச்சுன்னு பாதியிலேயே எழுப்பி விட்டுடாதே."

7 நிமிடம் 40 நொடி. அவரே எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.