பயமாக இருந்தது என்று எழுதினால் மதிப்பெண் வராது

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு, திரைப்பட ஆய்வுத் தாளுக்கான மாதிரித் தேர்வில் எனக்கு 20க்கு 7 வந்தது. திகில் படத்தின் தொடக்கக் காட்சி எப்படி அச்சத்தை உருவாக்குகிறது என்பதுதான் கேள்வி. நான்கு பக்கம் எழுதியிருந்தேன். ‘பயங்கரமான இசை’ என்று நான் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் “என்ன வாத்தியம்? எங்கே தொடங்குகிறது? எங்கே நிற்கிறது?” என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டுதான் அடுத்த நான்கு மாதம் படித்தேன். இறுதித் தேர்வில் 17 வந்தது. இதே தாளை எழுதப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

ஒரு காட்சியை மூன்று முறை பாருங்கள். முதல் முறை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் படத்தை மட்டும். அடுத்து, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும். மூன்றாவது முறைதான் இரண்டும் சேர்த்து. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் கேட்டதையும் நிமிடம், நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் சலிப்பாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

இப்படி நான் முதலில் பார்த்தது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980). சத்தம் இல்லாமல் பார்த்தால் அதன் தொடக்கம் சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரிதான் இருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பனிப்பாறைத் தேசியப் பூங்கா. கண்ணாடி போல ஏரி, நடுவில் சின்னத் தீவு, நல்ல பகல் வெளிச்சம், மலைச்சாலையில் ஒரு மஞ்சள் ஃபோக்ஸ்வேகன் கார். இதில் பயப்பட என்ன இருக்கிறது? அப்புறம் திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் மிகத் தாழ்ந்த சுரத்தில் மெதுவாக இறங்கிவரும் ஒரு மெட்டு, அதன் மேல் ஊளை போலவும் கீச்சுக்குரல் போலவும் மனிதக் குரல்கள். வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் சேர்ந்து அமைத்தது. மெட்டு அவர்கள் புதிதாகப் போட்டதல்ல. ‘டியெஸ் இரே’ என்ற பழைய லத்தீன் பாடல், இறந்தோருக்கான திருப்பலியில் பாடப்பட்டது. கதை நடக்கப்போகும் ஓட்டலைக் கார் இன்னும் சென்றடையவே இல்லை, அதற்குள் சாவுப்பாட்டு தொடங்கிவிடுகிறது.

இதைக் கேட்ட பிறகு படத்துக்குத் திரும்பினால் முன்பு கண்ணில் படாதவை தெரியும். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த ஷாட்டில் கார் எறும்பு அளவுதான். கேமரா பின்னாலேயே வந்து காரை நெருங்குகிறது, கடக்கிறது, அப்புறம் சாலையை விட்டே விலகித் தண்ணீர்ப் பக்கம் போய்விடுகிறது. அந்தப் பார்வை யாருடையது என்று சொல்ல ஆளே இல்லை. பெயர்களும், படம் முடியும்போது வருவது போலக் கீழிருந்து மேலே நகர்கின்றன.

சுறா தாக்கும் கதையான ‘ஜாஸ்’ (1975) படத்தில் நான் ஒரு தவறு செய்தேன். போன் ஸ்பீக்கரிலேயே பார்த்துவிட்டு, “முதல் சில நொடிகள் அமைதி” என்று நோட்டில் எழுதினேன். வகுப்பில் பெரிய ஸ்பீக்கரில் போட்டபோது அங்கே அமைதியே இல்லை. செல்லோ, டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியங்கள் முனகிக்கொண்டிருந்தன. போன் ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த சுரங்களைச் சரியாகத் தராது. விலை குறைந்ததானாலும் ஒரு ஹெட்போன் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜான் வில்லியம்ஸின் அந்த இசைக்கு இரண்டே சுரங்கள்தான் அடிப்படை. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள், இடையே அரைப்படி. சரளி வரிசை பாடியவர்களுக்கு உடனே பிடிபடும்: மாயாமாளவகௌளையில் சட்ஜமத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள அதே தூரம். இடைவெளி விட்டுத் தொடங்கி, நெஞ்சுத்துடிப்பு போல வேகம் கூடுகிறது. இரவில் கடலில் நீந்தும் பெண்ணைக் கேமரா அடியிலிருந்து பார்க்கிறது. அவளை எதுவோ இழுக்கிறது. சுறா ஒரு நொடிகூடக் கண்ணில் படுவதில்லை. அவள் மூழ்கியதும் கடல் எதுவும் நடக்காதது போல ஆகிவிடுகிறது. எனக்கு இந்த அமைதிதான் இன்றும் தாங்கவில்லை. இந்தத் தொடக்கம் நமக்கு ஒரு விதியைப் பழக்கிவிடுகிறது: இரண்டு சுரம் கேட்டால் சுறா வருகிறது. பின்னால் இரண்டு பையன்கள் சுறாவின் முதுகுத் துடுப்பு போல அட்டையில் செய்து வைத்து ஊரை ஏமாற்றும் காட்சியில் அந்த இசை வராது, கவனித்துப் பாருங்கள். விடையில் இதை எழுதினால், தொடக்கத்தை முழுப் படத்தோடு சேர்த்துப் புரிந்துகொண்டீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

இந்தக் கட்டத்தில்தான் நோட்டில் கண்டது, கேட்டது என்ற இரண்டு பக்கங்களோடு மூன்றாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: யாருக்கு என்ன தெரியும்? என் மதிப்பெண்ணை மாற்றியது இதுதான். ‘ஜாஸ்’ படத்தில் நமக்குத் தெரியும், நீந்துகிறவளுக்குத் தெரியாது. ‘தி ஷைனிங்’ படத்தில் ஓட்டுகிறவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, இசைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) வேறு மாதிரி. சுமார் நான்கு நிமிடம் ஒருவருடைய கண் வழியாகவே பார்க்கிறோம். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறோம், சமையலறைக்குள் போகிறோம், ஒரு கை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுக்கிறது. மாடியில் முகமூடி அணிந்ததும் திரை இரண்டு ஓட்டைகளாகச் சுருங்குகிறது, காதருகே மூச்சுச் சத்தம். கொலை முடிந்து வாசலுக்கு வந்ததும் முகமூடி கழற்றப்படுகிறது. அப்போதுதான் ஷாட் மாறி எதிர்ப்பக்கம் காட்டுகிறார்கள்: கோமாளி உடையில், கையில் கத்தியோடு ஆறு வயதுச் சிறுவன். எல்லாவற்றையும் பார்த்தோம், யாருடைய கண் என்பது மட்டும் தெரியவில்லை.

தேர்வறையில் கிளிப்பை மூன்று முறை போட்டார்கள். முதல் முறை பேனாவைத் தொடாதீர்கள், பாருங்கள். மற்ற இரண்டு முறைகளில் ஒன்றைக் காட்சிக்கும் ஒன்றை ஒலிக்கும் ஒதுக்குங்கள். விடையின் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு ஷாட், அதே நொடியில் கேட்கும் ஒலி, இரண்டும் சேர்ந்து நமக்கு எதைச் சொல்கின்றன அல்லது மறைக்கின்றன என்ற வரிசை இருக்கட்டும். கலைச்சொற்களை அள்ளிக் கொட்ட வேண்டாம், பொருத்தமான நான்கைந்து போதும்.

மாதிரித் தேர்வில் நான் எழுதியது: “முகமூடிக் காட்சியில் பயங்கரமான இசை நம்மை நடுங்க வைக்கிறது.” நான்கு மாதம் கழித்து எழுதியது: “முகமூடி அணிந்ததும் திரையின் பெரும்பகுதி கறுத்துவிடுகிறது, பார்ப்பதற்குக் குறைந்த அதே நேரத்தில் மூச்சுச் சத்தம் மிக அருகில் வருகிறது, அந்த மூச்சு நம்முடையதோ என்ற சந்தேகம் எழுகிறது.” இதன் பக்கத்தில் ஆசிரியை ஒரு டிக் மட்டும் போட்டிருந்தார்.