கிட்கேட்டில் பூனை இல்லை

சின்ன வயதில் கிட்கேட் என்றால் பூனைக்குட்டி என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் காசை நீட்டிவிட்டு, உறையில் எங்காவது பூனை படம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த நாட்கள் உண்டு. இருக்காது. சிவப்புக் காகிதத்தை உருவினால் உள்ளே வெள்ளி ஜிகினாத்தாள். சாக்லெட் விரல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்து, தாள் கசங்காமல் 'டக்' என்று உடைக்க வேண்டும். கோடு கோணலாகப் போனால் அன்றைக்கு ராசி சரியில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவின் சாஸ்திரம் அது.

போன கோடையில் வடக்கு இங்கிலாந்தில் உள்ள யார்க் நகரத்துக்குப் போனபோது இதை அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் அங்கேதான் மேற்படிப்பு படிக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அந்தப் பூனையைத்தான் நாளைக்குப் பார்க்கப் போறோம் சித்தப்பா" என்றாள்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கோட்டைச் சுவர், மின்ஸ்டர் தேவாலயம் எல்லாவற்றையும் மற்ற சுற்றுலாப் பயணிகளைப் போலவே அண்ணாந்து பார்த்தேன், படம் எடுத்தேன். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மறுநாள் அவள் கூட்டிப்போனது ஊருக்கு வடமேற்கே இருக்கும் பெனிங்பரோ மாளிகைக்கு. பக்கத்துக் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வயல் ஓரமாக நடந்தோம். பாதி வழியில் மழை. குடை அவள் அறையிலேயே பத்திரமாக இருந்தது. ஈரச் சட்டையோடு போய் நின்றால், 1716-இல் கட்டி முடித்த செங்கல் மாளிகை, சுவரெல்லாம் ஓவியங்கள். லண்டனில் உள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலிருந்து கொடுத்து வைத்தவை. அவற்றில் சில ஆண்களின் படங்கள் அச்சில் வார்த்ததைப் போல ஒரே அளவில் இருந்தன. 36 அங்குல உயரம், 28 அங்குல அகலம். தோள் வரை சுருண்டு விழும் பொய்முடி. இடுப்பு வரை கூட இல்லை, ஆனால் ஒரு கை மட்டும் சட்டத்துக்குள் வந்து நிற்கிறது. "இதுதான் உங்க பூனை" என்றாள்.

இந்த ஓவிய அளவுக்கே கிட்-கேட் என்று பெயர். ஓவியர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் தொடங்கிய கிட்-கேட் கிளப்பின் உறுப்பினர்களை, காட்ஃப்ரி நெல்லர் என்ற ஓவியர் இருபது வருடங்களுக்கு மேல் ஒருவர் பின் ஒருவராக வரைந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். கிளப் கூடிய அறையின் கூரை தாழ்வாக இருந்ததால்தான் இந்தக் குட்டை அளவு என்று ஒரு கதையும் உண்டு.

உறுப்பினர்கள் எல்லாம் விக் (Whig) என்ற அரசியல் கட்சிக்காரர்கள். தலையிலும் விக், கட்சியும் விக். தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரிவதில்லை. பின்னாளில் பிரிட்டனின் முதல் பிரதமர் என்று பெயர் வாங்கிய ராபர்ட் வால்போல், கட்டுரை மன்னன் ஜோசஃப் அடிசன், நாடகம் எழுதிவிட்டு அப்புறம் கட்டடக் கலைஞராகவும் ஆன ஜான் வான்ப்ரூ என்று பெரிய தலைகள். யார்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் காசில் ஹோவர்ட் அரண்மனை வான்ப்ரூ வரைந்த திட்டம்தான். கட்டச் சொன்ன கார்லைல் பிரபுவும் இதே கிளப்.

இவ்வளவு பெரிய மனிதர்களின் கிளப்புக்கு வந்த பெயர் ஒரு சமையற்காரருடையது. பதிப்பாளர் ஜேக்கப் டான்சன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு போய்ச் சாப்பிட்ட கடை கிறிஸ்டோபர் கேட்லிங் என்பவருடையது. கிறிஸ்டோபரைச் சுருக்கினால் கிட், நம் ஊரில் கிருஷ்ணமூர்த்தி கிட்டு ஆவதைப் போல. அவர் கடையில் பிரசித்தம் ஆட்டுக்கறி பை. பை என்றால் கைப்பை இல்லை. மாவு ஓட்டுக்குள் கறியை அடைத்து அடுப்பில் சுட்டு எடுப்பது, நம் பப்ஸுக்குப் பெரியப்பா முறை. அந்தப் பைக்கே கிட்-கேட் என்று பெயர். பையிலிருந்து கிளப்புக்கு, கிளப்பிலிருந்து ஓவியச் சட்டத்துக்கு. சுவரில் தேடினேன். பிரபுக்கள் இருக்கிறார்கள், பதிப்பாளருக்கும் படம் உண்டு. கிட்டுவுக்கு மட்டும் இல்லை. நெல்லர் வரைந்தது சாப்பிட்டவர்களை, சமைத்தவரை அல்ல.

அவர்கள் சாப்பிட்டதைவிடக் குடித்ததுதான் அதிகம். அழகிகளின் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவது இந்தக் கிளப்பின் சடங்கு. அந்தப் பெண்களைப் பற்றிய செய்யுளைக் கண்ணாடிக் கோப்பையிலேயே பொறித்தும் வைப்பார்களாம். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் யார்க்குக்குத் திரும்பி, ஹாக்ஸ்பி சாலையில் நடந்தோம். கிட்கேட் சாக்லெட்டை முதலில் செய்த ரௌன்ட்ரீ கம்பெனியின் தொழிற்சாலை இருப்பது அங்கேதான். இப்போது நெஸ்லேயின் கையில். வெளியாட்களுக்கு வாசலோடு சரி. பழைய செங்கல் கட்டடத்தின் ஒரு பகுதி குடியிருப்பாகிவிட்டது. சாக்லெட் வேலை நடந்த கட்டடத்தில் இன்று யாரோ துணி காயப்போடுகிறார்கள்.

ரௌன்ட்ரீ குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரம் ஆகாது, மது ஆகவே ஆகாது. 1862-இல் ஹென்றி ஐசக் ரௌன்ட்ரீ ஒரு கோகோ வியாபாரத்தை விலைக்கு வாங்கினார். 1869-இல் அண்ணன் ஜோசஃப் கூடச் சேர்ந்த பிறகுதான் அது பெரிய கம்பெனியாக வளர்ந்தது. சாராயத்துக்குப் பதிலாக ஜனங்கள் கோகோ குடிக்கட்டும் என்பது குவேக்கர் வியாபாரிகளின் ஆசையும்கூட. ஜோசஃப், யார்க்குக்கு வடக்கே நியூ இயர்ஸ்விக் என்று ஒரு கிராமத்தையே கட்டினார். வீட்டுக்கு வீடு தோட்டம், மதுக்கடை மட்டும் கிடையாது. அப்படிப்பட்ட கம்பெனிதான் 1911-இல் 'கிட் கேட்' என்ற பெயரை இரண்டு எழுத்துக்கூட்டலில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. லண்டன் குடிகாரக் கிளப்பின் பெயர் குவேக்கர்களின் பெட்டகத்தில்! எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பதிவு செய்தார்களே தவிர உடனே பயன்படுத்தவில்லை. 1920-களில் ஒரு சாக்லெட் பெட்டிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அது மெல்ல மறைந்துபோனது. இதற்கிடையில் தொழிற்சாலையின் யோசனைப் பெட்டியில் ஒரு தொழிலாளி, வேலைக்குப் போகிறவன் பையில் போட்டு எடுத்துப்போகிற மாதிரி ஒரு சாக்லெட் வேண்டும் என்று எழுதிப் போட்டார். (இது கைப்பைதான்.) அதிலிருந்து பிறந்ததுதான் நான்கு விரல் வேஃபர். 1935 ஆகஸ்ட் 29 அன்று லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் விற்பனைக்கு வந்தது, விலை இரண்டு பென்ஸ். பெயர்? ரௌன்ட்ரீஸ் சாக்லெட் கிரிஸ்ப். மொறுமொறு சாக்லெட் என்று ஒரு பெயர், அவ்வளவுதான். 1937-இல்தான் பெட்டகத்தைத் திறந்து கிட் கேட்டை எடுத்து முன்னால் ஒட்டினார்கள். போருக்குப் பிறகு 'சாக்லெட் கிரிஸ்ப்' உதிர்ந்து, கிட் கேட் மட்டும் நின்றுவிட்டது.

போர்க்காலத்தில் இன்னொரு கூத்து. 1942-இல் பால் தட்டுப்பாடு. பால் இல்லாத கறுப்புச் சாக்லெட்டில் செய்தார்கள். ருசி வேறு என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டுமே, உறையை நீலமாக்கினார்கள். நகரத்துச் சாக்லெட் கண்காட்சிகளிலும் பழைய விளம்பரங்களிலும் அந்த நீலத்தைப் பார்த்தால் ஏதோ போலிச் சரக்கு மாதிரி இருக்கிறது. 1988-இல் ரௌன்ட்ரீயை நெஸ்லே வாங்கியபோது ஊரில் பெரிய எதிர்ப்பாம்.

"ஜப்பான்ல இதுக்கு வேற அர்த்தம், தெரியுமா சித்தப்பா?" என்றாள் திரும்பி நடக்கும்போது. அவள் வகுப்பில் ஜப்பானியத் தோழி உண்டு. 'கிட்டோ கட்சு' என்றால் 'நிச்சயம் ஜெயிப்பாய்' என்று அர்த்தமாம். அதனால் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கிட்கேட் கொடுத்து அனுப்புகிறார்கள். நாம் பேனாவைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுப்பதுபோல. ஆட்டுக்கறிக் கிட்டு கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. ஷாம்பிள்ஸ் தெருவுக்குப் போனோம். ஒரு காலத்தில் முழுக்கக் கசாப்புக் கடைகள் இருந்த சந்து. மேல் மாடிகள் இரண்டு பக்கமும் முன்னால் சாய்ந்து, கை நீட்டினால் தொட்டுவிடும்போல நிற்கும். ஆட்டுக்கறி பை ஒன்று சாப்பிட்டுக் கிட்டுவின் கணக்கைத் தீர்க்கலாம் என்று இரண்டு கடையில் கேட்டேன். பன்றிக்கறி பை இருந்தது, மாட்டுக்கறி பை இருந்தது. ஆடு இல்லை.

சரி என்று ஸ்டேஷனில் ஒரு நான்கு விரல் கிட்கேட் வாங்கினேன். ஜிகினாத்தாள் இல்லை, பிளாஸ்டிக் மாதிரி ஒரே உறை. பழக்கதோஷத்தில் நகத்தால் கோடு இழுத்தேன், உறை வழுக்கியது. அவள் வாங்கிப் பிரித்து ஒரு விரலை எனக்குக் கொடுத்துவிட்டு மூன்றைத் தான் வைத்துக்கொண்டாள்.

"வேஃபருக்கு நடுவுல பூசியிருக்காங்களே, அது என்ன தெரியுமா?" என்றாள் வாயில் போட்டுக்கொண்டே. "உடைஞ்சுபோன கிட்கேட்டை அரைச்சுக் கலந்ததுதான்."

மழை விட்டிருக்கவில்லை. நான் கையில் இருந்த ஒற்றை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.