மத்தியானம் ஒரு மணிக்கு மீட்டிங் போடாதீர்கள்

ஐடி கம்பெனியில் இருப்பவர்களுக்கு 'ஃபன் ஃப்ரைடே' மெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரும் கேன்டீனுக்கு வந்துவிட வேண்டும், பலூன் உடைக்கும் போட்டி, அந்தாக்ஷரி, கடைசியில் ஆளுக்கொரு சமோசா, குரூப் போட்டோ. சமோசாவில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்றாகப் பலூன் உடைத்த ரெண்டு பேர் திங்கட்கிழமை லிஃப்டில் மாட்டிக்கொண்டால், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு ஏழாவது மாடி வரைக்கும் போகிறார்கள்.

சென்னையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆரில் டீம் லீடாகக் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆளுக்கு ஆள் ஒட்டுதல் வருவது மத்தியானச் சாப்பாட்டு மேசையில்தான். அந்த மேசையைக் காலண்டரிடமிருந்தும் க்ளையன்ட்டிடமிருந்தும் காப்பாற்றுவது லீடுடைய வேலை. ஹெச்ஆர் தலையில் கட்டிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் நிஃபினும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்தின் தீயணைப்பு நிலையங்களை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. 395 மேற்பார்வையாளர்களிடம் அவரவர் குழு எப்படி வேலை செய்கிறது, எத்தனை தடவை சேர்ந்து சாப்பிடுகிறது என்று கேட்டார்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற குழுக்கள்தான் வேலையிலும் மேலே இருந்தன. அந்தச் சாப்பாட்டுக்கு நகராட்சி காசு கொடுப்பதில்லை, அவர்களே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சிலர் வீட்டில் ஒரு தடவை, ஸ்டேஷனில் இன்னொரு தடவை என்று ராத்திரிச் சாப்பாட்டை ரெண்டு தடவை சாப்பிடுவார்களாம், இரண்டு பக்கமும் மனசு நோகக்கூடாது என்று! இதைப் படித்ததும் எனக்கு நம்ம ஊர் கல்யாண வீட்டுப் பந்திதான் ஞாபகம் வந்தது. சேர்ந்து சாப்பிடுவதால் நல்ல குழு ஆகிறதா, நல்ல குழு என்பதால் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சேர்ந்து சாப்பிடாத நிலையங்களில் 'ஏன் சாப்பிடுவதில்லை' என்று கேட்டபோது ஆட்கள் சங்கடப்பட்டு நெளிந்தார்களாம். ஏதோ சரியில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

சரி, நம்ம மேசைக்கு வருவோம். ஒரு மணிக்கு டப்பா திறக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். முதலில் மூடிகள் நடுவுக்கு வரும். ஒரு மூடியில் உருளைக்கிழங்கு வறுவல், இன்னொன்றில் மாவடு, யாரோ ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தால் அதிரசம். புளிசாதம் கொண்டுவந்தவரைச் சுற்றி மட்டும் எப்போதும் ஒரு கூட்டம். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பையன் வெறும் ஸ்பூனோடு வந்து உட்காருவான், அவன் கேட்பதற்கு முன்னாலேயே தட்டு நிறைந்திருக்கும். இந்தக் கலாட்டாவின் நடுவில், காலை ஸ்டாண்டப்பில் (அன்றன்றைய வேலையைப் பற்றி டீம் பேசும் சின்ன மீட்டிங்) 'நோ ப்ளாக்கர்ஸ்', அதாவது தடை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போன டெஸ்டர் பெண் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "அந்த பில்ட் ரெண்டு நாளா வரவே இல்லப்பா, யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல" என்பாள். (பில்ட் என்பது அவள் சோதித்துப் பார்க்க வேண்டிய புது வெர்ஷன்.) எதிரில் இருப்பவன் "அட, அந்த ஸ்க்ரிப்ட் நான்தான் எழுதினேன், சாப்டுட்டு வா" என்பான். முடிந்தது. இதற்கு முறைப்படி சிஸ்டத்தில் ஒரு புகார் டிக்கெட் போட்டிருந்தால் எவ்வளவு நாள் தூங்கியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

லீட் அங்கே என்ன செய்ய வேண்டும் என்றால், பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் சாப்பிட வேண்டும். மேசையின் தலைமாட்டில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அது மீட்டிங் ஆகிவிடும். ரிலீஸ் தேதியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. டீமே ஆரம்பித்தால் பேசலாம், அதுவும் கம்மியாக.

ஆனால் கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் சாப்பாட்டு மேசை என்பது நம்ம ஊரில் அவ்வளவு வெகுளியான இடம் இல்லை. யாருடைய டப்பாவில் எல்லோரும் கைவைக்கிறார்கள், யாருடைய டப்பா தொடப்படாமலே மூடப்படுகிறது என்று பாருங்கள். மீன் வறுவல் கொண்டுவந்தவரை 'வாசனை அடிக்குது, அந்தப் பக்கம் போய் உட்காருங்களேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆள் எல்லா ஆபீஸிலும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவரிடம் 'எந்த ஊர்?' என்று ஆரம்பித்து, 'ஊர்ல எந்தப் பக்கம்?', 'எந்தத் தெரு?' என்று போகிற விசாரணையும் உண்டு. அது எங்கே போய் நிற்கப் போகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்த இடத்தில் லீட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்புறம் அவர் நூறு சமோசா வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. 'தெருவெல்லாம் எதுக்குப்பா' என்று அங்கேயே வெட்டிவிட வேண்டும். மீன்காரரை எழுப்பி அனுப்பாமல், வாசனை பிடிக்காதவர் விருப்பப்பட்டால் தள்ளி உட்காரட்டும் என்று விட்டுவிட வேண்டும். பாட்னாவிலிருந்து வந்த பையன் பக்கத்தில் இருக்கும்போது முழுக்க முழுக்கத் தமிழிலேயே ஜோக் அடித்துக்கொண்டிருந்தால், அதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்கும் ஆளாகவும் நீங்கள்தான் இருக்க வேண்டும். ஜோக் மொழிபெயர்ப்பில் செத்துவிடும், பரவாயில்லை.

தனியாகச் சாப்பிட விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சீரியல் பார்த்தபடி சாப்பிடுவது சிலருக்கு அந்த நாளின் ஒரே நிம்மதி. அவர்களை இழுத்துக்கொண்டு வராதீர்கள். கூப்பிட்டு வராதவர் வேறு, யாரும் கூப்பிடாதவர் வேறு.

சில நாள் வீட்டிலிருந்தும் சில நாள் ஆபீஸிலிருந்தும் வேலை செய்யும் ஹைப்ரிட் முறை வந்தபிறகு இது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஆலன் என்பவர் இன்ஜினீயர்களின் இருக்கைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அவர்கள் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் அளந்து பார்த்து 1977-இல் எழுதினார். தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது, 50 மீட்டரைத் தாண்டினால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இப்போது ஆப்பில் சீட் புக் செய்கிறோம், ஒருவருக்கு மூன்றாவது மாடி, இன்னொருவருக்கு ஏழாவது. வாரத்தில் சில நாள் வரச் சொல்லிவிட்டு, அன்றைக்கும் தனித்தனி மூலையில் உட்கார்ந்து டீம்ஸ் வீடியோ காலில் பேசிக்கொள்வதற்கு ஏன் பெருங்குடி டிராஃபிக்கில் வர வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. டீம் முழுக்க ஒரே நாளில் வருகிற மாதிரி வைத்து, அன்றைக்கு ஒரு மணி முதல் இரண்டு வரை எல்லோர் காலண்டரிலும் ப்ளாக் போட்டேன். அது மட்டும்தான் என் அதிகாரத்துக்குள் இருந்தது.

அதிலும் ஒரு சிக்கல். லண்டன் க்ளையன்ட்டுக்குக் காலை ஒன்பது மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மத்தியானம் இரண்டரை. மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டால் அதே மீட்டிங் ஒன்றரைக்கு வந்துவிடும், அக்டோபர் கடைசி வரைக்கும் ரசம் சாதத்தோடு மியூட்டில் உட்கார வேண்டியதுதான். இதைப் பல வருஷமாக எல்லோரும் விதி என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். போன ஏப்ரலில் அந்தப் பக்கத்து மேனேஜரிடம், "இது எங்கள் சாப்பாட்டு நேரம், பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். அந்த அம்மா, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஒன்பது மணிக்கு எனக்கும் குழந்தையை ஸ்கூலில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது" என்றார்.